டவர் ஸ்பீக்கரும் பன்னிரண்டடிக் கூடமும்

பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப் ஊழியர்களுக்கு தீபாவளிக்கு முன்னால் போனஸ் வரும். "78 நாள் போனஸ்" என்று பேப்பரில் கொட்டை எழுத்தில் போடுவார்கள். ஏதோ லட்சக்கணக்கில் கொட்டுவது போலத் தோன்றும். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் கைக்கு வருவது அதிகபட்சம் 17,951 ரூபாய்தான். அதோடு சீட்டுப் பணம் கொஞ்சம், தவணை கொஞ்சம் சேர்த்துக்கொண்டு ஒரு மனிதர் மகனையும் கூட்டிக்கொண்டு திருச்சிக் கடைவீதிக்குள் நுழைகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டில் போன வருடம் வாங்கிய ஏ.வி. ரிசீவர் இருக்கிறது. அப்போதைக்கு மாட்டி வைத்த டப்பா ஸ்பீக்கர்கள் மகனுக்குப் பிடிக்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு, பளபளவென்று, மூன்று நான்கு வூஃபர் வரிசையாக அடுக்கிய டவர் ஸ்பீக்கர் வேண்டும்.

கடைப் பையன் கேட்கும் முதல் கேள்வி, அநேகமாகக் கடைசிக் கேள்வியும் அதுதான்:

"ரிசீவர் எத்தனை வாட்ஸ் சார்?"

"நூறு."

"அப்ப நூறு வாட்ஸ் டவர் போட்டுக்குங்க. பக்காவா மேட்ச் ஆகும்."

முடிந்தது. போனஸ் போச்சு.

திருச்சியில் மட்டுமல்ல, ஊர் உலகமெல்லாம் ஹோம் தியேட்டர் விற்பது இந்த ஒரு வரியை நம்பித்தான். இதைவிட அபத்தமான ஒரு வரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடையாது. ஸ்பீக்கரின் பின்னால் 100 வாட்ஸ் என்று போட்டிருப்பது, அது எவ்வளவு தாங்கும் என்பதற்கான உச்சவரம்பு. ஸ்பீக்கர் எதையும் 'உற்பத்தி' செய்வதில்லை. சத்திரம் வழியாக ஸ்ரீரங்கம் போகும் 1ஆம் நம்பர் பஸ்ஸில் "அமர்ந்து செல்வோர்" இத்தனை பேர் என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து எஞ்சின் எத்தனை குதிரைசக்தி என்று யாராவது முடிவு செய்வார்களா? ஸ்பீக்கர் விஷயத்தில் மட்டும் செய்கிறார்கள். 50 வாட்ஸ் ரிசீவரோடு 200 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கர் ஆண்டுக்கணக்கில் நிம்மதியாகப் பாடும். அதே ரிசீவரை அதன் சக்திக்கு மேல் திருகி, அலறவிட்டு, கிளிப்பிங்கில் ஓட்டினால் அந்த 200 வாட்ஸ் ஸ்பீக்கரின் ட்வீட்டரே கருகிப் போகலாம். 'மேட்ச்' என்ற வார்த்தைக்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை.

சரி, வேறு என்ன கேட்டிருக்க வேண்டும்? இதற்கு விடை தெரிந்த ஆள் அதே ஊரில் இருக்கிறார். ஏ.சி. ஷோரூமில் இல்லை. மைக் செட்காரர்.

கோயில் விசேஷத்துக்கோ கல்யாணத்துக்கோ குழாய் ஸ்பீக்கர் கட்ட வருகிறாரே, அவர். கையில் பெரும்பாலும் ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபையர். அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தால் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 70 வோல்ட், 100 வோல்ட் என்று தனித்தனியாகத் திருகாணிகள் இருக்கும். தெரு முனைவரை வயரை இழுத்து எட்டு குழாயைத் தொங்கவிடும் முன், எதை சீரீஸில் போடுவது, எதைப் பேரலலில் போடுவது, மொத்தம் எத்தனை ஓம் வருகிறது, எந்தத் திருகாணியில் மாட்டுவது என்று மனக்கணக்காகவே முடித்துவிடுவார். கணக்கு தப்பினால் பாதிக் கச்சேரியில் ஆம்ப்ளிஃபையர் புகையும் என்பது அவருக்குப் பட்டறிவு. ஐ.டி.ஐ. படித்தவரோ இல்லையோ, அவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை ஓம்?" என்பதுதான். 5,200 ரூபாய்க்கு அசெம்பிள் ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுக்கும் மெக்கானிக்கும் இதைத்தான் கேட்பார். ஐம்பதாயிரம் ரூபாய்க்கு டவர் விற்கும் இடத்தில் யாரும் கேட்பதில்லை. மைக் செட்காரரைக் கண்டால் ஹை-ஃபை ரசிகர்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு. சத்தத்தின் தரத்தில் அது நியாயமாகவும் இருக்கலாம். கணக்கில் அவர்தான் குரு.

ஓம் ஏன் முக்கியம்? ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் குறையக் குறைய, அதே வால்யூமுக்கு ரிசீவரிலிருந்து உறிஞ்சும் கரண்ட் கூடும். 8 ஓம் வூஃபர் இரண்டைப் பேரலலில் இணைத்தால் 4 ஓம். டவர் ஸ்பீக்கரில் வரிசையாக அடுக்கியிருக்கும் அந்த அழகான வூஃபர்களை உள்ளே பெரும்பாலும் இப்படித்தான் இணைத்திருப்பார்கள். அட்டைப் பெட்டியில் "8 ஓம்" என்று இருக்கும். அல்லது "8 ஓம் கம்பாட்டிபிள்" என்று இன்னும் வழுக்கலாக இருக்கும். 8 ஓம் என்று சொன்னால் எந்த இடத்திலும் அதில் 80 சதவீதத்துக்குக் கீழே, அதாவது 6.4 ஓமுக்குக் கீழே, இறங்கக் கூடாது என்பது ஐ.இ.சி. தரநிலை. நடைமுறையில் 8 ஓம் என்று விற்கும் டவர்கள் சில, தாளம் விழும் கீழ் ஸ்தாயியில் 4 ஓம், அதற்கும் கீழே என்று சறுக்குகின்றன. ரிசீவரின் பின்னாலோ பல மாடல்களில் "6 முதல் 16 ஓம்" என்று எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை.

பிறகு நடப்பது என்ன? மே மாதத்துத் திருச்சி. வெளியே 40 டிகிரி. ரிசீவர், தேக்கு ஷோகேஸுக்குள், கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், தலைமேல் ஒரு செட்டாப் பாக்ஸைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. படத்தில் க்ளைமாக்ஸ் சண்டை. டவர்கள் கரண்ட்டை உறிஞ்சுகின்றன. ரிசீவர் சூடேறி, புரொடெக்ஷன் மோடுக்குப் போய், பட்டென்று அணைந்துவிடுகிறது. "கம்பெனி சரியில்லை" என்று பழி ரிசீவர் மேல். சில மாடல்களில் மெனுவுக்குள் போய் 4 ஓம் என்று மாற்றிக்கொள்ளலாம். அதனால் ரிசீவருக்குப் பலம் கூடிவிடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளே வோல்டேஜைக் குறைத்து, சூட்டைக் குறைத்து, கூடவே பவரையும் குறைக்கிற ஏற்பாடு அது.

அந்த "நூறு வாட்ஸ்" ரிசீவர் கதையையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். தொண்ணூறுகளிலும் 2000களிலும் டேப் ரெக்கார்டர் மேல் "2000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ." என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். பத்துப் பதினைந்து வாட்ஸ் முக்கி முனகித் தரும் பெட்டிக்கு இரண்டாயிரம்! அந்த ஸ்டிக்கர் இப்போது வழக்கொழிந்துவிட்டது. அந்தப் புத்தி மட்டும் போகவில்லை. ரிசீவர் அட்டையில் பெரிய எழுத்தில் 150 வாட்ஸ் இருக்கும். பொடி எழுத்தைப் படித்தால், ஒரே ஒரு சானலை மட்டும் ஓட்டி, 6 ஓமில், 1,000 ஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில், 10 சதவீத டிஸ்டார்ஷன் வரும்வரை முடுக்கி எடுத்த எண் என்று தெரியும். 10 சதவீத டிஸ்டார்ஷன் என்பது காதால் கேட்கச் சகிக்காத நிலை. இரண்டு சானலை 8 ஓமில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓட்டினால் அதே பெட்டி 80 வாட்ஸ் தரலாம். ஏழு சானலையும் சேர்த்து ஓட்டினால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதற்கும் வெகு கீழே. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இந்தப் புளுகைத் தாங்காமல் 1974இலேயே ஆம்ப்ளிஃபையர் விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு விதி போட்டது. 2024இல் அதைத் திருத்தி 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், டிஸ்டார்ஷன் 1 சதவீதத்துக்குள் என்று அளவுகோலை இறுக்கியது. ஐம்பது வருடம் கழித்தும் இறுக்க வேண்டியிருக்கிறது என்றால் இந்த வியாபாரத்தின் யோக்கியதையைப் புரிந்துகொள்ளலாம். ரிசீவரின் பின்பக்கத்தில் மின்சாரச் செலவு எவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். "7 x 150" என்று மார்தட்டும் பெட்டிகள் பலவற்றில் அது 300, 400 வாட்ஸ்தான். அது சாதாரண ஓட்டத்துக்கான கணக்கு, ஒரு கணம் தாண்டலாம் என்பது உண்மையே. ஆனாலும் எட்டணா வாங்கிக்கொண்டு ஒன்றே கால் ரூபாய் திருப்பித் தரும் பெட்டி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

இனி, கடையில் யாரும் வாயால் உச்சரிக்காத சமாச்சாரத்துக்கு வரலாம். சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் என்ற கணக்கு. ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் 85, 88, 91 என்று மாறும். ஆறு டெசிபல்தானே என்று அலட்சியப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் பவர் இரண்டு மடங்கு வேண்டும். ஆக 85க்கும் 91க்கும் நடுவே நாலு மடங்கு. ஒருவருக்கு 400 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில் இன்னொருவருக்கு 100 போதும். ரிசீவரை 100 வாட்ஸிலிருந்து 200க்கு மாற்றினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்கிற அளவு. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் பவர் பத்து மடங்கு வேண்டும்.

ஒரு வீட்டுக் கணக்கு. 88 டெசிபல் ஸ்பீக்கர். சோபா பத்தடி தள்ளி. கூடத்துக்குள் அந்தத் தூரத்தில் சுமார் 6 டெசிபல் இழப்பு என்று வைத்தால் ஒரு வாட்டுக்குக் காதில் விழுவது 82. தியேட்டரில் ஒரு சானலின் உச்சம் 105 டெசிபல் வரும்படி அளந்து வைப்பார்கள். அதை அப்படியே வீட்டில் கேட்க 200 வாட்ஸ் வேண்டும். ஆனால் எந்த வீட்டில் யார் அப்படிக் கேட்கிறார்கள்? குழந்தை தூங்குகிறது, பாட்டிக்கு பிரஷர், எதிர்வீட்டில் பரீட்சை. 20 டெசிபல் குறைத்துத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். (பல ரிசீவர்களின் திரையில் அது மைனஸ் 20 என்று தெரியும்.) அப்போது உச்சத்துக்கே தேவைப்படுவது எவ்வளவு தெரியுமா? இரண்டு வாட்ஸ். நூறு வாட்ஸுக்கு நூறு வாட்ஸ் என்று கடையில் நடந்த அவ்வளவு பெரிய ஆலோசனை, இந்த இரண்டு வாட்ஸுக்காகத்தான்.

"சத்தத்துக்கு யார் சார் டவர் வாங்குறாங்க, பேஸுக்குத்தான்" என்று அடுத்த அஸ்திரம் வரும். இது பாதி உண்மை, ஆகவே ஆபத்து அதிகம். பெரிய பெட்டி, பெரிய பேஸ், சரிதான். ஆனால் ஹோம் தியேட்டரில் ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் மூலையில் உட்கார்ந்திருக்கிறதே? ரிசீவரை ஒழுங்காக அமைத்தால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபருக்கே அனுப்பிவிடும். அப்படி அனுப்புவதுதான் நல்லது, ரிசீவரின் பாரம் குறையும். அந்த அமைப்பில் டவரின் கீழ்ப்பாதி கிட்டத்தட்ட வேலையில்லாப் பட்டதாரி. அதே கம்பெனியின் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் பல சமயம் இதே ட்வீட்டர்தான், இதே மிட் வூஃபர்தான் இருக்கும். விலை பாதி. வித்தியாசப் பணத்துக்கு ஒரு நல்ல சென்டர் ஸ்பீக்கர் வாங்கலாம். படத்தில் வசனம் வருவது அதிலிருந்துதான். "வசனமே புரியல, சண்டை மட்டும் காதைக் கிழிக்குது" என்ற வீட்டம்மாக்களின் நிரந்தரப் புகாருக்குக் காரணம், டவருக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு சென்டருக்கு மிச்சம் மீதியைப் போட்டதுதான்.

சப்வூஃபரே வேண்டாம், இரண்டே ஸ்பீக்கரில் பாட்டு கேட்பதுதான் பிரதானம் என்பவருக்கு டவர் நியாயமான தேர்வு. பெரிய அறை, சுவரிலிருந்து தள்ளிவைக்க இடம், 90க்கு மேல் சென்சிட்டிவிட்டி, 6 ஓமுக்குக் கீழே இறங்காத இம்பிடன்ஸ், இவை எல்லாம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். மறுப்பு டவருக்கு அல்ல. கூடத்தைப் பார்க்காமல் விற்பதற்குத்தான்.

கூடம் என்றதும் ஸ்ரீரங்கம். உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் பெட்டி மாதிரி. பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். கூடத்தின் அகலம் பன்னிரண்டடி என்று வைத்தால், அந்த அகலமே சுமார் 47 ஹெர்ட்ஸில் ரீங்கரிக்கும். பத்தடி உயரம் 57 ஹெர்ட்ஸில். டவர் ஸ்பீக்கர் பெருமையோடு கொடுக்கும் பேஸ் சரியாக இந்த இடத்தில்தான் வந்து விழுகிறது. பன்னிரண்டடியில் கதவு, அலமாரி, ஊஞ்சல் போக மீதி இடத்தில் டவர்களை எங்கே வைப்பது? மூலையில். மூலை, பேஸை இன்னும் ஊதிப் பெருக்கும். சிவப்பு சிமென்ட் தரை, வெற்றுச் சுவர். பாட்டு என்று போட்டால் கும் கும் என்று ஒரே சுருதியில் அம்மி கொத்துவது மாதிரி இருக்கிறது. கூடத்தை ஒட்டி திறந்த முற்றம் இருந்தால் கதை வேறு. பேஸ் ஆகாயத்துக்கும் அண்டை வீட்டுக்கும் போய்விடும், சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்காது. அடையவளஞ்சான் தெருப் பக்கம் எழும்பும் அடுக்குமாடி ஃப்ளாட்டுகளில் கூடம் இன்னும் சின்னது. தில்லைநகர், கே.கே. நகரிலும் நிலைமை பெரிதாக வேறில்லை.

சட்டம் ஒன்றும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல். சொந்த வீட்டுக்குள் வைத்திருக்கும் சவுண்ட் சிஸ்டமாக இருந்தாலும் வீட்டு எல்லையில் அந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஒரே சுவரைப் பங்குபோடும் அக்ரஹார வீட்டில் 'எல்லை' எங்கே? டவர் சாய்ந்து நிற்கும் சுவரே எல்லை. பேச்சுக் குரலை செங்கல் சுவர் தடுத்துவிடும். பேஸைத் தடுக்காது. நள்ளிரவில் அடுத்த வீட்டு மாமியின் தலையணைக்கு அடியில் யுத்தம் நடக்கும். மறுநாள் வாசலில் கோலம் போடும்போது முகம் கொடுத்துப் பேசமாட்டார். பிறகு வால்யூம் இறங்கும். டவர்கள் இரண்டு வாட்ஸிலிருந்து அரை வாட்ஸுக்கு வரும். ஒரு வருடத்தில் அவற்றின் தலையில் பூச்சட்டி ஏறும்.

இதையெல்லாம் கடையிலேயே தெரிந்துகொள்ள முடியாதா? கடையில் போட்டுக் காட்டுவது ஹாலிவுட் வெடிச்சத்தம். வெடி எந்த ஸ்பீக்கரிலும் வெடி மாதிரிதான் இருக்கும், அசல் எப்படி என்று யாருக்குத் தெரியும்? தவிர, எதை விற்க வேண்டுமோ அதை ஒரு சொட்டு அதிக சத்தத்தில் போடுவார்கள். இரண்டில் சத்தம் கூடியதுதான் 'நல்லது' என்று காது நம்பிவிடும். ஸ்ரீரங்கத்துக்காரர்கள் கையில் எடுத்துப் போக வேண்டியது மிருதங்கம் தெளிவாகக் கேட்கும் ஒரு கச்சேரிப் பதிவு. பக்கத்திலுள்ள திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமன், மிருதங்கத்தை வெறும் தாள வாத்தியமாகப் பார்க்கவில்லை. சாதாரணத் தோலில் தட்டினால் வருவது சுருதி சேராத சத்தம், வலந்தலையில் பூசும் கரணைதான் அந்த ஸ்வரங்களை ஒழுங்குபடுத்தி சுருதி சேரவைக்கிறது என்று 1920இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். அந்த ஒழுங்கைக் குலைக்காமல் தருகிறதா என்பதுதான் ஸ்பீக்கருக்குப் பரீட்சை. வலந்தலையில் விழும் 'நம்' சுருதியோடு மணியாக நிற்க வேண்டும். தொப்பியின் கும்காரம் வந்து, வளைந்து, நின்றுவிட வேண்டும். அது அடுத்த தட்டுவரை இழுத்துக்கொண்டே போனால் அந்தப் பெட்டி வேண்டாம். தம்புராவும் கேட்கலாம். ஒரு கட்டை சுருதியில் அதன் மந்தர ஸட்ஜமே சுமார் 65 ஹெர்ட்ஸ்தான். "30 ஹெர்ட்ஸ் வரை போகும் சார்" என்று சொல்லி விற்கும் டவரில், கச்சேரி கேட்பவருக்கு அந்தக் கீழ்ப்பாதி தேவைப்படுவதே அபூர்வம்.

பொன்மலை மனிதரும் மகனும் இன்னும் கடையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது மூன்று எண்கள். சென்சிட்டிவிட்டி எவ்வளவு, இம்பிடன்ஸ் எதுவரை கீழே இறங்கும், வீட்டில் போட்டுப் பார்த்துப் பிடிக்காவிட்டால் எத்தனை நாளில் திருப்பலாம். மூன்றுக்கும் பதில் "கம்பெனி சரக்கு சார்" என்றுதான் வருமானால், வாசலிலேயே ஸ்ரீரங்கம் பஸ் வரும். கடைக்கு வருவதற்கு முன்பே இன்ச் டேப்பை எடுத்துக் கூடத்தை அளந்திருந்தால் இன்னும் விசேஷம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தலையில் கைவைக்க வேண்டாம். ரிசீவர் மெனுவில் ஸ்பீக்கர் சைஸ் "லார்ஜ்" என்று இருக்கும், அதை "ஸ்மால்" ஆக்கி 80 ஹெர்ட்ஸ் வைக்கவும். (இதைச் செய்ய மனம் வராது. ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியதை எப்படி ஸ்மால் என்பது!) மூலையிலிருந்து ஒன்றரை அடியாவது வெளியே இழுக்கவும். பெட்டியின் பின்னால் ஓட்டை இருந்தால், ஒரு ஜோடி பழைய காலுறையைச் சுருட்டி அதில் செருகிப் பார்க்கலாம், கும் கும் பாதி அடங்கும். ரிசீவரை ஷோகேஸிலிருந்து வெளியே எடுத்துத் திறந்த ஸ்டாண்டில் வைக்கவும். செட்டாப் பாக்ஸை அதன் தலையிலிருந்து இறக்கவும்.